வைத்தியர் மேரி இரத்தினம்: கட்சிகளுக்கு முன்னே நடந்த ஒரு பெண்

எமது பழைய மாணவியர் சங்கம் நூறாவது ஆண்டை எட்டியிருக்கிறது. பெண்களின் உடல்நலம் பற்றி ஒரு கட்டுரை தரும்படி மலர்க் குழுவினர் எம்மிடம் கேட்டிருந்தனர். இரத்தச்சோகை, நீரிழிவு, மார்பகப் புற்றுநோய் என்று எழுத எத்தனையோ இருந்தன. அவற்றை விட்டு, அறுபது ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒரு பெண் வைத்தியரின் வாழ்க்கையை எழுதத் துணிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தில் எமது தவறு ஒன்றும் அடங்கியிருக்கிறது.

2018 பெப்ரவரியில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. சபைகளில் 25 வீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்ற சட்டம் அப்போதுதான் முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நாடு முழுவதும் உள்ளூராட்சி உறுப்பினரில் பெண்கள் 2 வீதம்கூட இருக்கவில்லை. கட்சிகள் எல்லாம் பெண்களின் பெயர்களைத் தேடி வீடு வீடாக ஏறி இறங்கின. எம்முடன் ஒரே வாங்கில் இருந்து படித்த தோழி ஒருத்தியின் வீட்டுக்கும் ஒரு கட்சியினர் வந்தார்கள். அவள் தையல் வகுப்பு நடத்துபவள். ஊரில் நாலு பெண்களுக்கு ஒரு பிரச்சினை என்றால் முன்னுக்கு நிற்பவள். கையெழுத்து மட்டும் போட்டால் போதும், மற்றதைத் தாங்கள் பார்த்துக்கொள்வோம் என்று வந்தவர்கள் சொன்னார்களாம். போடவா, விடவா என்று அவள் எம்மிடம் தொலைபேசியில் கேட்டாள். கிளினிக்கில் வரிசை நீண்டிருந்த நேரம் அது. உனக்கேன் இந்தக் கரைச்சல், பிள்ளைகளைப் பார் என்று சொல்லி வைத்துவிட்டோம். அவள் கையெழுத்துப் போடவில்லை.

அந்தப் பதில் சரியா என்று பின்னர் பல நாள் யோசித்தோம். அப்படி யோசித்த நாட்களில்தான் மேரி இரத்தினத்தின் கதை எமக்கு வேறு விதமாகப் பொருள்பட்டது.

மேரி ஹெலன் இர்வின் 1873 ஆம் ஆண்டு கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் எலோரா என்ற சிற்றூரில் பிறந்தார். இன்று டொரொன்டோவிலும் அதன் சுற்றூர்களிலும் வாழும் எமது பழைய மாணவியர் காரில் இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்ச் சேரக்கூடிய இடம் அது. அந்தக் காலத்தில் பெண் ஒருத்தி வைத்தியம் படிப்பது அங்கும் எளிதாக இருக்கவில்லை. ஆண்களின் கல்லூரிகள் பெண்களைச் சேர்க்க மறுத்ததால் டொரொன்டோவில் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவக் கல்லூரி தொடங்க வேண்டியிருந்தது. மேரி அங்கே படித்து வைத்தியரானார். வைத்தியராகி வெளிவந்தபோதும் தன் சொந்த நாட்டுப் பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை அவருக்கு இல்லை. ஒன்ராறியோவில் பெண்களுக்கு அந்த உரிமை 1917 இலும், கனடா முழுவதற்குமான தேர்தலில் 1918 இலும்தான் வந்தது.

அவர் வளர்ந்த காலத்தில் வட அமெரிக்கா எங்கும் பெண்களின் சங்கங்கள் பெருகிக்கொண்டிருந்தன. இதைச் சிறிது விளக்குவது நல்லது. ஏனென்றால் மேரி இரத்தினம் பின்னாளில் இலங்கையில் செய்தவற்றின் விதை அங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவில் அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட சங்கங்களில் பெண்கள் முதலில் வேலை பழகினார்கள். கூட்டம் கூட்டவும், பணம் சேர்க்கவும், மகஜர் எழுதிக் கையெழுத்து வாங்கவும் அங்கே கற்றுக்கொண்டார்கள். 1848 இல் நியூ யோர்க் மாநிலத்தின் செனெக்கா ஃபோல்ஸ் என்ற ஊரில் கூடிப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று தீர்மானித்தார்கள். 1874 இல் மதுவிலக்குக்கான கிறிஸ்தவப் பெண்கள் ஒன்றியம் தோன்றியது. குடித்துவிட்டு வரும் கணவனால் அடிபடும் பெண்ணின் துயரம், சட்டத்தை மாற்றும் பலம் பெண்ணிடம் இல்லாதவரை தீராது என்று அந்த ஒன்றியம் கண்டுகொண்டது. இவை எவற்றையும் அரசியற் கட்சிகள் தொடங்கவில்லை. பெரிய கட்சிகள் இரண்டும் பல பத்தாண்டுகள் இந்தக் கோரிக்கையைத் தள்ளியே வைத்திருந்தன. மேற்கு மாநிலங்கள் சிலவற்றில் பெண்கள் வாக்களிக்கத் தொடங்கி, அந்த வாக்குகளை இழக்க முடியாத நிலை வந்த பின்னரே அவை அசைந்தன. 1920 இல் டென்னசி மாநில சபையில் ஒரேயொரு வாக்கினால் அந்தத் திருத்தம் நிறைவேறியது. தாயார் எழுதிய கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்திருந்த இளம் உறுப்பினர் ஒருவர் தன் நிலையை மாற்றிக்கொண்டதால் கிடைத்த வாக்கு அது. அப்போதும் தென் மாநிலங்களின் கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோர் உண்மையில் வாக்களிக்க 1965 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தச் சூழலில் வளர்ந்த மேரி 1896 இல் அமெரிக்க மிஷனின் வைத்தியராக இலங்கைக்குப் புறப்பட்டார். யாழ்ப்பாணத்து இணுவிலில் பெண்களுக்கென மிஷன் அமைத்துக்கொண்டிருந்த மருத்துவமனையில் பணி செய்வதே ஏற்பாடு. வரும் வழியில் நியூ யோர்க்கில், பிரின்ஸ்டனில் படித்துக்கொண்டிருந்த யாழ்ப்பாணத் தமிழர் சாமுவேல் கிறிஸ்மஸ் கனக இரத்தினத்தைச் சந்தித்தார். இருவரும் கொழும்பில் திருமணம் செய்துகொண்டனர்.

மிஷன் இதை ஏற்கவில்லை. சுதேசிகளின் ஆன்மாவைக் காக்க வந்தவர்கள், தங்கள் வைத்தியர் ஒருவர் சுதேசி ஒருவருக்கு மனைவியாவதைப் பொறுக்கவில்லை. மேரி ஒதுக்கப்பட்டார், இணுவில் வேலை அவருக்கு இல்லாமற் போயிற்று. இருபத்துமூன்று வயதில், பழக்கமில்லாத நாட்டில், வந்த வேலையை இழந்து நின்ற ஒரு பெண்ணை நினைத்துப் பார்க்கிறோம். திரும்பிப் போய்விட அவருக்கு வழி இருந்தது. அவர் போகவில்லை.

கொழும்பில் பெண்களுக்கான சீமாட்டி ஹவ்லொக் வைத்தியசாலையில் சிறிது காலம் பணியாற்றிய பின்னர் தனியாக வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். ஆண் வைத்தியரிடம் உடலைக் காட்டக் கூசிய பெண்கள் அவரைத் தேடி வந்தார்கள். அடுத்தடுத்து வந்த பிரசவங்கள், கொழுக்கிப் புழுவாலும் மலேரியாவாலும் வற்றிய இரத்தம், சுத்தமில்லாத கையால் வெட்டப்பட்ட தொப்புள்கொடி, பேச வெட்கப்பட்டே முற்றிப்போன நோய்கள்: அக்காலத்துப் பெண் வைத்தியர் எவரும் அன்றாடம் கண்டவை இவை. 1930களில்கூட இந்த நாட்டில் ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். கடந்த பல ஆண்டுகளாக அந்த எண் 50க்கும் குறைவு. இந்தக் குறைவை மருந்து மட்டும் கொண்டுவரவில்லை என்பதை மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் குச்சவெளிக்கும் கிளினிக் போகும் எம் போன்றவர்கள் நன்கறிவோம்.

மேரி இரத்தினமும் அதை அறிந்திருந்தார். மருந்துச் சீட்டு எழுதிய கையாலேயே அவர் புத்தகமும் எழுதினார். பள்ளிக்கூடங்களுக்கான சுகாதாரக் கைநூலும், பின்னர் வீட்டுப் பராமரிப்புப் பற்றிய நூலும் அவர் பெயரில் வெளிவந்தன. பெண் பிள்ளைகளுக்குத் தம் உடலைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றும், பிள்ளைப்பேற்றை இடைவெளிவிட்டு வைத்துக்கொள்ளும் வழிகளைத் தாய்மார் அறிய வேண்டும் என்றும் அவர் வெளிப்படையாகப் பேசினார். வீட்டுக்குள்ளும் பேசத் தயங்கிய காலத்தில் அவை பெரும் கண்டனத்தை வரவழைத்த பேச்சுகள்.

கூடவே சங்கங்கள் பிறந்தன. 1904 இல் இலங்கைப் பெண்கள் ஒன்றியம். 1909 இல் தமிழ் மகளிர் சங்கம். கொழும்பில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ப் பிள்ளைகள் பாட்டும் பரதமும் பயின்ற கலாலயம் இந்தச் சங்கத்தின் பள்ளிதான். தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒரு பெண், தமிழ்ப் பெண்கள் வீட்டைவிட்டு வெளியே வந்து ஒருவரையொருவர் சந்திக்க ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தார். எதிர்ப்பு வராத காரியத்தோடு தொடங்குவது, பெண்கள் கூடிப் பழகிய பின் அடுத்த காரியத்துக்குப் போவது என்பதே அவர் வேலையில் நாம் காணும் ஒழுங்கு. கூட்டக் குறிப்பு எழுதவும், கணக்கு வைக்கவும், மறுத்துப் பேசவும் பழகியவர்கள் பிறகு எதையும் கேட்கத் துணிவார்கள்.

அந்த அடுத்த காரியம் வாக்குரிமை. 1920களில் இலங்கையில் சொத்தும் படிப்பும் உள்ள ஆண்களுக்கே வாக்கு; சனத்தொகையில் ஏறக்குறைய 4 வீதத்தினர். அக்காலத்தின் பெரிய அரசியல் அமைப்பான இலங்கைத் தேசிய காங்கிரசின் 1925 ஆம் ஆண்டு மாநாட்டில் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்ற தீர்மானத்தைப் பெண்கள் கொண்டுவந்தார்கள். காங்கிரஸ் அதற்காகப் போராடவில்லை. அமெரிக்கக் கட்சிகள் செய்ததையே இங்குள்ளவர்களும் செய்தார்கள். கேட்டுக்கொண்டு சும்மா இருந்தார்கள்.

1927 இன் இறுதியில் டொனமூர் ஆணைக்குழு வந்தபோது பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தை அமைத்துக் களத்தில் இறங்கினார்கள். அதை அமைத்தவர்களுள் மேரி இரத்தினமும் ஒருவர். செயலாளர் அக்னஸ் டி சில்வா. சிங்களவர், தமிழர், பறங்கியர் எல்லோரும் அதில் இருந்தார்கள். ஆணைக்குழுவின் முன் சாட்சி சொன்னபோது, மலையகத் தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று அவர்களிடம் கேட்கப்பட்டது. நிச்சயமாக, அவர்களும் பெண்கள்தானே என்ற பொருளில் அக்னஸ் பதில் சொன்னார். கொழும்புச் சீமாட்டிகளின் சங்கம் என்று கேலி செய்யப்பட்ட ஒரு சங்கம் சொன்ன பதில் அது.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் நாம் மறைக்காமல் எழுத வேண்டும். சேர் பொன்னம்பலம் இராமநாதன் எமது பெண்களின் கல்விக்குச் செய்த தொண்டு சிறிதல்ல. 1913 இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கெனக் கல்லூரி கட்டியவர் அவர். அவரே பெண்களுக்கு வாக்களிப்பதைக் கடுமையாக எதிர்த்தார். பாடசாலைக் கதவைத் திறந்துவிட்ட கை, வாக்குச்சாவடிக் கதவை மூடப் பார்த்தது. பெண் படிக்கலாம், பாடலாம், நல்ல மனைவியாகலாம். ஊர்க்காரியத்தில் முடிவெடுப்பது அவள் வேலையல்ல என்பது அன்றைய பெரியவர்கள் பலரின் எண்ணம். அந்த எண்ணம் எமக்குள்ளும் எவ்வளவு இருக்கிறது என்பதை, தோழிக்கு நாம் சொன்ன பதிலை நினைக்கும்போது உணர்கிறோம்.

ஆணைக்குழு 1928 இல் தன் அறிக்கையைத் தந்தது. பெண்களுக்கு 30 வயதில் வாக்கு என்று அது சிபாரிசு செய்தது. இறுதியில் ஆண்களைப் போல 21 வயதிலேயே கிடைத்தது. 1929 டிசம்பரில் சட்டசபை டொனமூர்த் திட்டத்தை ஏற்றது 19க்கு 17 என்ற கணக்கில். இன வாரிப் பிரதிநிதித்துவம் போகிறதே என்ற அச்சத்தால் தமிழ்ப் பிரதிநிதிகளில் பெரும்பாலோர் எதிராகவே வாக்களித்தனர். இரண்டே வாக்கு வித்தியாசம். 1931 இல் இலங்கையில் ஆணும் பெண்ணும் சமமாக வாக்குரிமை பெற்றனர். பூரண சுயராச்சியம் இல்லையென்று யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு தொகுதிகளில் அந்தத் தேர்தலைப் பகிஷ்கரித்தார்கள். அங்கே 1934 இல்தான் தேர்தல் நடந்தது. இதற்கிடையில் 1932 இல் நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கில் வென்று, அரசாங்க சபையில் அமர்ந்த முதல் தமிழ்ப் பெண்ணானார்.

வாக்கு வந்ததும் மேரி இரத்தினம் ஓய்ந்துவிடவில்லை. ஏற்கெனவே, 1930 இல், லங்கா மகிளா சமித்தியைத் தொடங்கிக் கிராமங்களுக்குப் போயிருந்தார். இதன் மாதிரி அவர் பிறந்த ஒன்ராறியோவிலிருந்தே வந்தது. அங்கே அடிலெய்ட் ஹூட்லெஸ் என்ற தாய், கெட்டுப்போன பாலால் தன் குழந்தையை இழந்தார். அந்தத் துயரத்திலிருந்து எழுந்து, 1897 இல் கிராமத்துப் பெண்கள் கூடிச் சுகாதாரமும் வீட்டு நிர்வாகமும் கற்கும் சங்கங்களைத் தொடங்கிவைத்தார். இலங்கைக் கிராமப் பெண்களுக்கு அதை மேரி இரத்தினம் பொருத்தமாக மாற்றினார். கிணற்றைக் காப்பது, மலகூடம் கட்டுவது, பிள்ளைக்கு என்ன கொடுப்பது, நெசவும் தோட்டமும் செய்து நாலு காசு தேடுவது ஆகியவையே சமித்தியின் பாடங்கள். வாக்குச் சீட்டைக் கையில் வைத்திருக்கும் பெண்ணுக்கு, அதை எதற்காகப் போடுகிறாள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

1937 இல் அவரே தேர்தலில் நின்றார். வயது அறுபத்துநான்கு. கணவர் காலமாகி எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பம்பலப்பிட்டி வட்டாரத்தில் வென்று, கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற் பெண்ணானார். ஆனால் அதிக காலம் செல்லுமுன் ஒரு சட்ட நுணுக்கத்தின் பேரில் அந்த ஆசனம் பறிக்கப்பட்டது. மிஷன் ஒருமுறை வெளியே தள்ளியது. இப்போது தேர்தற் சட்டம் தள்ளியது. இரண்டு முறையும் அவர் தன் வேலையை வெளியிலிருந்தே தொடர்ந்தார். 1958 இல் பொதுச் சேவைக்கான ரமோன் மக்சாய்சாய் விருது அவருக்கு வழங்கப்பட்டபோது அவருக்கு வயது எண்பத்தைந்து. 1962 இல், தொண்ணூறை நெருங்கிய வயதில், இந்த நாட்டிலேயே மறைந்தார்.

அவர் கண்ட வெற்றி முழுமையானதல்ல. எந்தத் தோட்டப் பெண்களுக்காக 1920களில் அந்தச் சங்கம் வாதாடியதோ, அவர்களின் குடியுரிமையை 1948 ஆம் ஆண்டுச் சட்டமும், வாக்கை 1949 ஆம் ஆண்டுச் சட்டமும் பறித்தன. எஞ்சியவர்களின் குறை 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் பெரும்பாலும் தீர்ந்தது. கிடைத்த உரிமையைக் காவல் செய்யாவிட்டால் அது கைவிட்டுப் போகும் என்பதை எமது மலையகச் சகோதரிகளைவிட நன்கறிந்தவர் இல்லை.

ஆனாலும் அந்த 19க்கு 17 எமது வாழ்க்கைக்குள் எப்படி வந்தது என்று பாருங்கள். ஏழைகளும் பெண்களும் வாக்களிக்கத் தொடங்கிய பின்னர், அந்த வாக்கைக் கேட்டு வந்தவர்கள் ஏதாவது கொடுக்க வேண்டியதாயிற்று. கிராமங்களுக்கு வைத்தியசாலையும் மருத்துவிச்சியும் வந்தார்கள். 1945 இல் இலவசக் கல்வி வந்தது. கோட்டைக்குக் கீழே கடற்காற்று அடிக்கும் வகுப்பறைகளில் நாம் ஒரு சதம் கட்டாமல் படித்தோம். மீன்பிடிக்கும் தகப்பனின் பிள்ளையும், துறைமுகத்தில் கூலி வேலை செய்தவரின் பிள்ளையும், உத்தியோகத்தரின் பிள்ளையும் ஒரே வாங்கில் இருந்தோம். யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து, குப்பி விளக்கில் படித்து, எம்மில் சிலர் வைத்தியரானோம். அந்தப் படிப்புக்கான பணம் எந்தத் தகப்பனின் மடியிலிருந்தும் வரவில்லை. பெயர் தெரியாத பெண்கள் பலர் மகஜர்களில் கையெழுத்திட்டதனால் வந்தது அதில் ஒரு பங்கு.

தோழிக்கு நாம் சொல்லியிருக்க வேண்டிய பதில் இப்போது எமக்குத் தெரிகிறது. கட்சிக்காரர் கேட்டவுடன் கையெழுத்திடு என்பதல்ல அது, இடாதே என்பதுமல்ல. பட்டியலில் எத்தனையாவது இடம், சபையில் பேச விடுவார்களா, எங்கள் கிளினிக்குக்குத் தண்ணீர் வர என்ன செய்வார்கள் என்று அவர்களிடம் நாலு கேள்வி கேள். நாங்கள் பத்துப் பேர் உன் பின்னால் இருக்கிறோம் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பத்துப் பேர் இல்லாமல் ஒரு பெண்ணைச் சபைக்கு அனுப்பினால் அவள் தனியாகத்தான் இருப்பாள். மேரி இரத்தினம் தேர்தலில் நின்றபோது அவருக்குப் பின்னால் முப்பது ஆண்டுச் சங்க வேலை இருந்தது.

எமக்கும் ஒரு சங்கம் இருக்கிறது. அதற்கு நூறு வயது. பரிசளிப்பு விழாவுக்குக் கேடயம் கொடுக்கிறோம், நூலகத்துக்கு அலுமாரி வாங்கித் தருகிறோம், வெளிநாட்டுச் சகோதரிகள் அனுப்பும் பணத்தில் புலமைப்பரிசில் வழங்குகிறோம். இவை நல்ல காரியங்கள், தொடர வேண்டும். இவற்றோடு, எமது பிள்ளைகளில் ஒருத்தி பிரதேச சபைக்கோ நகர சபைக்கோ நிற்க விரும்பினால், எந்தக் கட்சியானாலும் எந்த இனமானாலும் சரி, அவள் வந்து ஆலோசனை கேட்கக்கூடிய இடமாகவும் இந்தச் சங்கம் இருக்கலாம். டொரொன்டோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருக்கும் எமது சகோதரிகளில் உள்ளூர் அரசியல் தெரிந்தவர்கள் உண்டு. சட்டம் தெரிந்தவர்கள் உண்டு. கணக்குத் தெரிந்தவர்கள் உண்டு.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்த அன்று தோழிக்குத் தொலைபேசி எடுத்தோம். அன்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டோம். அவள் சிரித்தாள். தையல் வகுப்பில் இப்போது இருபத்திரண்டு பேர் என்றாள். அடுத்த சனிக்கிழமை நாம் அங்கே போகிறோம், இரத்தச்சோகை பற்றிப் பேச. அதன் பிறகு மற்றதையும் பேசலாம் என்று சொல்லியிருக்கிறாள்.